பழைய மடக்குக் கத்தியின் கைப்பிடி அசல் எலும்பா, பிளாஸ்டிக்கா என்று எப்படிக் கண்டறிவது?

எலும்புக் கைப்பிடிகள் பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பிலிருந்து செய்யப்படுகின்றன. எலும்பை வேகவைத்துக் கொழுப்பை நீக்கி, பட்டையாக அறுத்து, மான்கொம்பின் சொரசொரப்பைப் போல மேற்பரப்பில் சிறு பள்ளங்களைக் குடைந்து, பிறகு சாயம் ஏற்றுவார்கள். இந்தக் குடைவு வேலைக்கு ‘ஜிக்கிங்’ என்று பெயர். 1960-களில் டூபாண்ட் நிறுவனத்தின் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் பரவலானபோது, அதே பள்ளங்களை அச்சிலேயே வார்த்து எடுத்தார்கள். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, கைப்பிடியின் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். உயிருள்ளபோது இரத்த நாளங்கள் ஓடிய நுண்துளைகள், எலும்பில் கரும்புள்ளிகளாகவோ குறுங்கோடுகளாகவோ தெரியும். டெல்ரினில் அவை இருக்கவே இருக்காது. சாயம் பல எலும்புக் கைப்பிடிகளில் முழு ஆழத்துக்கும் இறங்குவதில்லை. ஆகையால் என்னிடமுள்ள பழைய கத்தி ஒன்றில், விரல் பட்டுத் தேய்ந்த மேடுகள் வெளிர்மஞ்சளாகவும், பள்ளங்கள் இன்னும் அடர்பழுப்பாகவும் இருக்கின்றன. அந்த நிறபேதத்தை எந்த அச்சாலும் இவ்வளவு இயல்பாகக் கொண்டுவர முடியாது என்றே கருதுகிறேன். ஆணியைச் சுற்றியுள்ள மயிரிழை விரிசலும் எலும்பில் அடிக்கடி காணப்படுவதே.

சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். விடை கிடைத்தாலும் அந்த வடு நீங்காது. செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடியுள்ள கத்திகள் இருந்தால் தனியே வையுங்கள், ஏனெனில் அது சிதையும்போது வெளிவரும் வாயு அருகிலுள்ள கத்திகளின் எஃகையும் துருப்பிடிக்க வைக்கும்.