ஜாக்கெட்டை மேல ரேக்ல வைக்காதீங்க தம்பி

கேள்வி: அண்ணா, கனடால நுனாவுட் பக்கம் சுரங்க வேலைக்கு சேர்ந்திருக்கேன். சின்ன பிளேன்லதான் போய் வரணும். நடுவுல எங்கயாவது விழுந்துட்டா பொழைக்க முடியுமா, யாராவது தேடி வருவாங்களான்னு வீட்ல ஒரே பொலம்பல். என்ன சொல்றது?

பதில்: வருவாங்க தம்பி, ஆனா லேட்டா வருவாங்க, அதுவரைக்கும் குளிரை தாங்குறதுலதான் எல்லாமே இருக்கு. 1991 அக்டோபர் 30ல கனடா விமானப்படையோட ஹெர்குலிஸ் சரக்கு விமானம் ஒண்ணு க்ரீன்லாந்துல இருந்து டீசல் ஏத்திட்டு கனடாவோட வடகோடில, எல்லெஸ்மியர் தீவுல இருக்க அலர்ட்ங்கிற ராணுவ முகாமுக்கு போச்சு, ரன்வேக்கு சுமார் 16 கிலோமீட்டர் இருக்கும்போதே விழுந்துடுச்சு. பிளேன்ல 18 பேர், நாலு பேர் அப்பவே போயிட்டாங்க. 16 கிலோமீட்டர்னா நம்ம ஊர்ல டவுன்பஸ் தூரம்தான், ஆனா அந்த சீசன்ல அங்க சூரியனே வராது, போதாததுக்கு பனிப்புயல் வேற, ஆளுங்க போய் சேர 30 மணி நேரத்துக்கு மேல ஆச்சு, பாராசூட்லயும் குதிச்சுதான் போனாங்க. டீசல்ல நனைஞ்ச டிரஸ்ஸோட உடைஞ்ச வால் பகுதிக்குள்ள ஒடுங்கி கிடந்து 13 பேர் தப்பிச்சாங்க. கேப்டன் காத்திருக்கும்போதே குளிர்ல இறந்துட்டாரு.

அதனாலதான் சொல்றேன், பார்க்கா (தலைமூடி வச்ச கனமான குளிர் கோட்டு), பூட்ஸ், குல்லா எல்லாத்தையும் ஏறும்போதே போட்டுக்கோங்க, உள்ள வேர்க்குதுன்னா ஜிப்பை மட்டும் திறந்து விடுங்க. விழுந்தப்புறம் பேக் எங்க போச்சுன்னு தேட முடியாது, கையில என்ன இருக்கோ அதுதான். கிளவுஸை ஒரு நூல்ல கட்டி ஸ்லீவ் வழியா விட்டுக்கலாம், குழந்தைங்களுக்கு போடுற மாதிரி இருக்குன்னு யாராவது சிரிச்சா சிரிக்கட்டும். லைட்டர், விசில் பேன்ட் பாக்கெட்ல இருக்கட்டும்.

வெளிய வந்ததும் எரிபொருள் வாசனை அடிச்சா தள்ளிப் போங்க, அடங்கினப்புறம் திரும்பி வந்துடுங்க. ஊர் தெரியுதுன்னு நடக்க ஆரம்பிக்காதீங்க, வெள்ளைக்காட்டுல ஒத்தை ஆளை மேல இருந்து கண்டுபிடிக்கிறதை விட பிளேனை கண்டுபிடிக்கிறது ஈஸி. பிளேன் உடம்பு காத்தை தடுக்கும், ஆனா அந்த தகரம் சூட்டை உறிஞ்சிடும், சீட் குஷனை எல்லாம் பிச்சு அடியில போட்டு ஒட்டி உக்காருங்க. தாகத்துக்கு பனியை அப்படியே தின்னாதீங்க, உருக்கி குடிங்க.

தேடி வர்ற விமானங்களோட பேஸ் எல்லாம் தெற்கேதான் இருக்கு, பறந்து வரவே பல மணி நேரம் ஆகும். 2011ல நுனாவுட்ல ரெசலூட்ங்கிற ஊர் கிட்ட ஒரு பிளேன் விழுந்தப்ப பக்கத்துலயே ராணுவப் பயிற்சி நடந்துட்டு இருந்ததால உடனே போயிட்டாங்க, அந்த அதிர்ஷ்டத்தை நம்பி போக முடியுமா?

பிளேன்லயே 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன், அதாவது ஆபத்துன்னு சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்புற கருவி இருக்கும், இருந்தாலும் மோதுறதுல அதோட ஆன்டெனா உடைஞ்சா சிக்னல் போகாது, அதனால சொந்தமா ஒரு பர்சனல் பீக்கன் வாங்கி சட்டைப் பாக்கெட்ல வச்சுக்கோங்க. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் இருக்கிற பீக்கன் வேண்டாம், 2009ல இருந்து சாட்டிலைட் அதை கேட்கிறதே இல்ல. வாங்கினதும் ரெஜிஸ்டர் பண்ணி, காண்டாக்ட் நம்பரா வீட்டுக்காரம்மா நம்பரை குடுங்க. சிக்னல் வந்தா கண்ட்ரோல் ரூம்ல இருந்து அந்த நம்பருக்குத்தான் போன் அடிச்சு விசாரிப்பாங்க, தெரியாத நம்பர்னு கட் பண்ணிடாம எடுக்க சொல்லுங்க.