'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தால்

உங்கள் ரயில் நிலையத்துக்கு நடைமேம்பாலம் கேட்டு எம்.பி. மக்களவையில் எழுப்பிய கேள்விக்கு, 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி எழுத்துப் பதில் வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியிலும் ஒரு பிடி இருக்கிறது. பொதுவாக அது அமைச்சர் தந்த உறுதிமொழியாகவே கணக்கில் சேரும். 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இழுத்தடித்தால் மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு விளக்கம் கேட்கலாம். (அவகாசம் கேட்டு நீட்டிப்பதும் சகஜம்தான்!) உறுதிமொழிகள் பட்டியலில் சேர்ந்ததா என்று எம்.பி. அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், அடுத்த தடவை நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக, அதாவது அவையில் வாய்மொழிப் பதில் கேட்கும் கேள்வியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். குலுக்கலில் ஒரு நாளைக்கு 20 தான் தேறும். அதிலும் முதல் சில இடங்களுக்குள் வந்தால்தான் அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வியும் போடலாம்.