க்ளோசிங் தள்ளிக்கொண்டே போகிறது, ஷார்ட் சேல் வீட்டுக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: டாலஸ் பக்கத்தில் ஒரு ஷார்ட் சேல் வீட்டை 4 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தோம். விற்பவருக்கு முதல் கடன் கொடுத்த வங்கி ஒப்புதல் கடிதம் கொடுத்துவிட்டது. அதே வீட்டின் மேல் அவருக்கு இரண்டாவது கடன் கொடுத்தவரிடமிருந்து பதில் இல்லை என்று க்ளோசிங்கை (கையெழுத்திட்டு வீடு கைமாறும் நாளை) இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். எங்கள் கடனின் வட்டியை உறுதிசெய்து வைத்த ரேட் லாக் 10 நாளில் முடிகிறது, அபார்ட்மென்ட் லீஸ் அடுத்த மாதம். காத்திருக்கலாமா, அட்வான்ஸ் 5,000 டாலரை வாங்கிக்கொண்டு விலகிவிடலாமா?

பதில்: உங்கள் கையில் இருப்பது பாதி ஒப்புதல்தான். ஷார்ட் சேலில் விற்பவர் கடன்பட்ட தொகையைவிடக் குறைவாக வீடு விலைபோகிறது. அதனால் வீட்டின் மேல் பாத்தியதை உள்ள ஒவ்வொருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

இரண்டாவது கடன்காரர் ஏன் இழுக்கிறார்? வீடு ஏலத்துக்குப் போனால் அவருக்கு அநேகமாக ஒன்றும் தேறாது. ஆனால் அவர் விடுவிக்காமல் விற்பனை நடக்காது. அந்தப் பிடியை வைத்துத்தான் பேரம். அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை முதல் கடனின் விதிகள் தீர்மானிக்கின்றன. வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் கடன் என்றால் இரண்டாம் நிலைக் கடன்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்தே 6,000 டாலர்தான் உச்சவரம்பு. அவர் அதற்கு மேல் கேட்டால் ஃபைல் திரும்ப முதல் வங்கிக்குப் போகும், பல வாரங்கள் ஓடும். இந்த இடத்தில், "வித்தியாசத்தை நீங்களே தனியாகக் கொடுத்துவிடுங்கள், முடிந்துவிடும்" என்று யாராவது காதில் ஓதலாம். செய்யாதீர்கள். மறைவான ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று நீங்கள் கையெழுத்திட்டுத் தருவீர்கள். கணக்கில் வராமல் கொடுக்கும் பணம் மோசடி. கொடுப்பதாக இருந்தால் முதல் வங்கியின் சம்மதத்தோடு, க்ளோசிங் கணக்கில் தெரியும்படிதான் கொடுக்க வேண்டும்.

இன்றைக்கே, வீட்டு உரிமையைச் சரிபார்த்து க்ளோசிங்கை நடத்தும் டைட்டில் கம்பெனியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒப்புதல் கடிதம் எந்தத் தேதியோடு காலாவதியாகிறது? வீட்டுக்கு ஏலத் தேதி குறித்திருக்கிறார்களா? டெக்சாஸில் ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. வங்கி அதை எழுத்தில் தள்ளிவைக்காவிட்டால், நீங்கள் காத்திருக்கும்போதே வீடு வேறு கைக்குப் போகலாம்.

அப்புறம், ஒப்பந்தத்தோடு இணைத்த ஷார்ட் சேல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். கடன்காரர்கள் எல்லோரும் சம்மதித்ததாக விற்பவர் எந்தத் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அந்தத் தேதிக்குள் தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, அட்வான்ஸ் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். நீட்டிக்கச் சொல்லி ஏஜென்ட் ஒரு தாளை நீட்டினால், சும்மா கையெழுத்துப் போடாதீர்கள். புதுத் தேதியை நீங்கள் சொல்லுங்கள். நான் ஒரு தடவைக்கு 30 நாளுக்கு மேல் தரமாட்டேன்.

இனி காத்திருப்பதன் விலை. லாக் நீட்டிப்புக்கு 15 நாளைக்கு 0.125 சதவீதம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 3,20,000 டாலர் கடனுக்கு அது 400 டாலர். லாக்கைக் காலாவதியாக விட்டுவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றும் தோன்றும். ஆனால் உடனே மறுபடி லாக் செய்தால் பழைய வட்டி, இன்றைய வட்டி இரண்டில் எது அதிகமோ அதைத்தான் பல நிறுவனங்கள் தரும். லீஸை மாதாமாதம் என்று மாற்றினால் வாடகை கூடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகள் போகும் விலையைவிட உங்கள் விலை 20,000 டாலர் குறைவு என்றால் ஒன்றிரண்டு மாதம் காத்திருப்பதில் நியாயம் உண்டு. வித்தியாசம் 5,000 டாலர்தான் என்றால் நான் விலகிவிடுவேன். ஷார்ட் சேல் வீட்டில் ரிப்பேர் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

காத்திருப்பதென்றால் புதுக் கார் கடன், வேலை மாற்றம் எதுவும் வேண்டாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் பழசாகிவிடும், புதிதாகக் கேட்பார்கள். இரண்டாவது கடன்காரரின் கடிதம் கைக்கு வரும்வரை அபார்ட்மென்ட்டைக் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுக்காதீர்கள். கடிதம் வந்த பிறகும் இறுதிச் செலவுக் கணக்கு உங்களிடம் வந்து மூன்று வேலை நாள் கழித்துத்தான் கையெழுத்து. சாமான் ஏற்றும் லாரிக்கு அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.