பெற்ற பாசத்தையே ஊர் வழக்கம் மாற்றிவிடுமா?

பிள்ளைப் பாசம் இயற்கை என்றால் தர்மபுரிப் பக்கம் பெண் சிசுக்கொலை எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தாய்மாருக்குப் பாசம் இல்லாமல் போகவில்லை. முதல் பெண் குழந்தையைப் பெரும்பாலும் வளர்க்கவே செய்தார்கள். அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தபோதுதான் ஆபத்து. இயற்கைக் குணம் பிறந்த வரிசையைப் பார்க்குமா?

வரதட்சணை, சீர், மானாவாரி நிலத்தின் நிச்சயமில்லாத வருமானம் எல்லாம் காரணம்தான். அதைவிட வலுவானது, "ஊரே இப்படித்தான்" என்ற எண்ணம். மாமியார் முடிவு செய்துவிட்டால், துணைக்கு ஆளில்லாத பச்சை உடம்புக்காரி என்ன செய்வாள்?

இப்போதைய தர்மபுரி மாவட்டப் பகுதியில் 2001 கணக்கெடுப்பின்படி, ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள். 2011இல் அது 900ஐத் தாண்டியது. பத்து ஆண்டில் மரபணு மாறாது, மாறியது சமூகம்.

சட்டத்துக்கும், வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப்போக வழி செய்து, 2001இல் தர்மபுரிக்கு வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. நான் மிகவும் மதிப்பது, 1990களின் கடைசியில் பெண் சிசுக்கொலைக்கு எதிராக ஊர் ஊராகப் போட்ட தெருநாடகங்களை. வீட்டுக்குள் தனியாகக் குமைந்தவள் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, பக்கத்து வீட்டுக்காரிக்கும் இது பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் எதிர்த்துப் பேசத் தைரியம் வரும்.

ஆனால் ஆண் வாரிசு ஆசை போய்விடவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும், ஸ்கேன் செய்து கருவின் பாலினம் சொல்லும் கும்பல்கள் தர்மபுரியில் அண்மை ஆண்டுகளிலும் பிடிபட்டிருக்கின்றன.