மாடலில் அம்மோனியா இழப்பு ஏன் பூஜ்யமாக வருகிறது?

நண்பரே, யூரியா தூவிய வயலில் அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போவதில் அளவீடு நல்ல இழப்பைக் காட்டுகிறது, கணினி மாடலோ கிட்டத்தட்ட பூஜ்யம் என்கிறது என எழுதியிருந்தீர்கள். மண்ணின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6.5 என்று நிலையாக வைத்திருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

அது கலந்தெடுத்த மண்ணின் அளவு. யூரியா குருணையை ஒட்டிய சில மில்லிமீட்டரில் கதையே வேறு. யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்கும்போது ஹைட்ரஜன் அயனிகள் செலவாகி, அங்கே பிஹெச் 8.5க்கு மேல்கூட ஏறிவிடும். 25 டிகிரி செல்சியஸில், பிஹெச் 6.5 என்றால் கரைசலின் அம்மோனியம், அம்மோனியா இரண்டும் சேர்ந்த மொத்தத்தில், வாயுவாகப் போகக்கூடிய அம்மோனியா 0.2 சதவீதம்கூட இருக்காது, 8.5இல் சுமார் 15 சதவீதம்!

மேல் 1 செ.மீ. மண்ணைத் தனி அடுக்காக்கி, அங்கே பிஹெச்சை யூரியா உடையும் வேகத்தோடு சேர்ந்து மாற விடுங்கள். மண்ணின் தாங்கல் திறனையும் (பிஹெச் மாற்றத்தைத் தடுக்கும் திறன்) கொடுங்கள், இல்லாவிட்டால் பிஹெச் தறிகெட்டு ஏறும். வெப்பநிலை, காற்று இரண்டும் மணிக்கணக்கில் வேண்டும். தினசரி சராசரி நண்பகல் உச்சத்தை விழுங்கிவிடும்.

அப்புறம், அளவீடு அம்மோனியாவின் எடையாகவா, அதிலுள்ள நைட்ரஜனின் எடையாகவா என்று பாருங்கள். அந்த 17/14 வித்தியாசத்தில் நானே இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன்.