காய்ச்சலோடு பிதற்றினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் நாத்தனார் மகனுக்கு ஐப்பசி மழை நேரத்தில் மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நாலாம் நாள் பெற்ற தாயையே யார் என்று கேட்டான். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள், ஏர்வாடிக்குக் கூட்டிப் போகலாமா என்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி வலிப்பு வந்த பிறகுதான் ராமநாதபுரத்துக்கு ஓடினோம். வைரஸால் வந்த மூளைக்காய்ச்சல் என்றார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். வைரஸ் எப்படி மூளைக்குள் போகிறது? மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டுமா?
- வாசகி, தொண்டி

பதில்: முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன் அம்மா. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, வெறும் நீர் இருக்கிற இடத்தில். அதனால் கால் விளங்காமல் போகாது. ஒருசிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கலாம், அவ்வளவுதான். அந்த நீரைப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது பாக்டீரியாவா, வைரஸா, காசநோயா என்று பிரிக்க முடியும். மூன்றுக்கும் மருந்து வேறு. 'எடுக்கக் கூடாது' என்று கையெழுத்துப் போட மறுத்து மணிக்கணக்கில் நேரத்தை இழக்கிற குடும்பங்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

சரி, வைரஸ் உள்ளே போகும் வழி. ரத்தத்தில் ஓடுவதெல்லாம் மூளைக்குள் போய்விடாதபடி அங்குள்ள ரத்தக்குழாய்களின் சுவர் இறுக்கமாக இருக்கும். பெரும்பாலான வைரஸ்கள் அங்கேயே நின்றுவிடும், சில மட்டும் தாண்டிவிடும். நரம்பு செல்லுக்குள் புகுந்து பெருகும்போது அந்த செல் சாகிறது. அதைவிடப் பெரிய சேதம் பல நேரம் நம் உடம்பின் எதிர்ப்பிலேயே வருகிறது. வெள்ளணுக்கள் திரண்டு வர, ரசாயனங்கள் சுரக்க, குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசிந்து மூளை வீங்குகிறது. அடிபட்ட விரல் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும், மண்டையோடு விரியாது. உள்ளே அழுத்தம் ஏற ஏற வாந்தி, கடும் தலைவலி, மயக்கம். எந்தப் பகுதி வீங்குகிறதோ அதன் வேலை கெடும். அதனால்தான் பிள்ளை தாயை மறந்தான், அதனால்தான் வலிப்பும் வந்தது. தட்டம்மைக்குப் பிறகு வருகிற ஒரு வகையில் வைரஸ் மூளையில் இல்லாமலேயே, எதிர்ப்பு சக்தி தடம் மாறி மூளையைத் தாக்குவதும் உண்டு.

மழைக்காலம் என்று எழுதியிருப்பதால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்தான் ஜப்பான், இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1955-ல் நம் வேலூர்ப் பக்கம். கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் இந்த வைரஸ் இருக்கும். வயலில் தேங்கிய நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு அவற்றைக் கடித்துவிட்டு நம்மையும் கடிக்கிறது. உங்கள் பக்கம் கண்மாய் பெருகி, நெல் வயலில் தண்ணீர் நிற்கிற மாதங்கள் இந்தக் கொசுவுக்கும் தோதானவை. இதற்காகப் பறவைகளை விரட்ட வேண்டாம், சாயங்காலத்திலிருந்து விடியும்வரை வலை கட்டிக்கொள்ளுங்கள், அதுதான் பலன் தரும். இந்தக் கொசு கடித்துத் தொற்று ஏறியவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளை பாதிக்கும், ஆனால் பாதித்தவர்களில் 30 சதவீதம் வரை இறக்கக்கூடும். தனி மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. உங்கள் பகுதியில் போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இது ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. வேறு சில வைரஸ்கள் கை வழியாகவும் இருமல் வழியாகவும் பரவும்தான், ஆனால் பரவிய எல்லோருக்கும் மூளைக்குப் போவதில்லை. பிள்ளைகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

இன்னொன்று ஹெர்பீஸ். உதட்டோரம் கொப்புளம் வர வைக்கிற அதே வைரஸ், அபூர்வமாக மூளையின் பக்கவாட்டைத் தாக்கும், அப்போது ஆளே மாறிப்போனதுபோலப் பேச்சும் நடத்தையும் தலைகீழாகிவிடும். இதற்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. அது இல்லாமல் விட்டால் பத்தில் ஏழு பேர் இறப்பார்கள், நேரத்தோடு ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பரிசோதனை முடிவு வருமுன்னே டாக்டர்கள் இதைத் தொடங்குவது இதனால்தான், பதறாதீர்கள்.

ஏர்வாடி தர்காவில் வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை, இந்தக் கரையில் எல்லா மதத்தாரும் போகிற இடம் அது. ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்தவர் காய்ச்சலோடு திடீரென்று பிதற்றினால், ஓயாமல் தூங்கினால், வலிப்பு வந்தால், 108-ஐக் கூப்பிட்டு முதலில் ஆஸ்பத்திரி. வேண்டுதல் பிறகு.

கேள்வி: மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த என் தம்பிக்கு மறதியும் கோபமும் அதிகமாகிவிட்டது. வேண்டுமென்றே செய்கிறானா?
- வாசகர், மண்டபம்

பதில்: இல்லை. காயம்பட்ட மூளையின் வேலை அது. பேச்சு, ஞாபகப் பயிற்சிகளால் மாதக்கணக்கில், சிலருக்கு ஓரிரு வருடம்கூட, முன்னேற்றம் வந்துகொண்டே இருக்கும். அதுவரை திட்டாதீர்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கடலுக்குப் போகிறவராக இருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை படகில் ஏற்றாதீர்கள். ஓரளவு தேறிய பிறகு திடீரென்று மறுபடி குணம் மாறினால், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காமல் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். ஹெர்பீஸுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குவது உண்டு, அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: நாய் லேசாகப் பிறாண்டி ஒரு வாரம் ஆகிறது. வெறிநோயும் மூளைக்காய்ச்சல்தானா?
- வாசகர், கீழக்கரை

பதில்: ஆமாம் தம்பி, அதில் மிகக் கொடியது. அந்த வைரஸ் நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது, ஆனால் அதற்கு முன்னால் போட்டால் தடுப்பூசி காப்பாற்றும். கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை எதிர்க்கும் பொருளைத் தயாராகவே உடம்பில் செலுத்தும் ஊசியும் தேவைப்படும், அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆனாலும் தாமதமாகிவிடவில்லை. இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்தடுத்த ஊசிக்குச் சீட்டில் எழுதித் தருகிற தேதியில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.