கப்பலில் கொரியா போனால் ஜப்பான் விசா போய்விடுமா?

கேள்வி: ஒசாகாவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இந்திய பாஸ்போர்ட். சுற்றுச்சூழலை நினைத்து விமானம் ஏறுவதை விட்டுவிட்டேன். செப்டம்பர் விடுமுறையில் கப்பலில் தென் கொரியாவின் பூசான் நகரத்துக்குப் போய்வர ஆசை. ஆனால், "கடல் வழியாக வெளியேறத் தனி அனுமதி வேண்டும், இல்லையென்றால் விசா ரத்து" என்கிறார் ஒரு ஏஜென்ட். அந்த அனுமதியையும், குறிப்பிட்ட நாட்களுக்கு ரயிலில் இஷ்டம்போல் சுற்ற உதவும் ஜப்பான் ரயில் பாஸையும் சேர்த்து வாங்கித் தருகிறாராம். என் ஸைர்யூ கார்டு (வெளிநாட்டவர் ஜப்பானில் தங்குவதற்கான அட்டை) அக்டோபர் முதல் வாரத்தில் முடிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஏஜென்ட்டிடம் பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

கடல் வழிக்கென்று தனி அனுமதி கிடையாது. ஓராண்டுக்குள் திரும்புகிறவர்களுக்கான சிறப்பு மறுநுழைவு முறை 2012 ஜூலையிலிருந்து இருக்கிறது. விமான நிலையம் ஆனாலும் துறைமுகம் ஆனாலும் விதி ஒன்றுதான், கட்டணமும் இல்லை. பாஸ்போர்ட்டையும் ஸைர்யூ கார்டையும் காட்டுங்கள். அங்கே நிரப்பும் சீட்டில், தற்காலிகமாகத்தான் போகிறேன், திரும்பி வருவேன் என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். வேலை முடிந்தது. அந்த டிக்கை மறந்தால் மட்டும் ஒரேயடியாக நாட்டை விட்டுப் போகிறவர் என்று எடுத்துக்கொள்வார்கள், தங்கும் அனுமதியும் போய்விடும். ஒரு மனிதரின் வேலை, வீடு எல்லாவற்றையும் இத்தனூண்டு கட்டத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். யோசித்தவர் யாரோ!

உங்கள் விஷயத்தில் நான் பயப்படுவது தேதிக்குத்தான். ஓராண்டு என்பது பேச்சுக்கு. கார்டு அதற்கு முன்பே முடிந்தால் மறுநுழைவும் அன்றோடு முடியும், வெளிநாட்டில் இருந்துகொண்டு அதை நீட்டிக்க முடியாது. செப்டம்பரோ புயல் காலம். கடல் கொந்தளித்தால் கப்பல் கிளம்பாது, அடுத்த கப்பல் என்றைக்கு என்பதும் உங்கள் கையில் இல்லை. அதனால் கார்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதாவது ஜூலையிலேயே, புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்.

புதிய கார்டு வருவதற்குள் பயணத் தேதி வந்துவிட்டால்? போகலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, முடிவு வரும் நாள் அல்லது பழைய கார்டு முடியும் தேதியிலிருந்து இரண்டு மாதம், இதில் எது முந்தியோ அதுவரை பழைய அனுமதி செல்லும். ஆனால் புதிய கார்டை ஜப்பானுக்குள் இருந்துதான் வாங்க வேண்டும். இரண்டு மாதம் இருக்கிறதே என்று பூசானில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நேரில் விண்ணப்பித்தால் கார்டின் பின்பக்கம் முத்திரை குத்துவார்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் முத்திரை கிடையாது, ஏற்புக் கடிதமாக வரும் மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

அப்புறம் அந்த ரயில் பாஸ். ஒசாகா துறைமுகத்திலிருந்தே பூசானுக்குக் கப்பல் இருக்கிறது, உங்களுக்கு ரயில் பாஸ் எதற்கு? ஜப்பான் ரயில் பாஸ் குறுகிய காலச் சுற்றுலாப் பயணிகளுக்கானது. ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. வேலை விசாவில் இருப்பவருக்கு அது கிடையாது. ஏஜென்ட் விற்பது பெரும்பாலும் பாஸுக்கு மாற்றிக்கொள்ளும் சீட்டு. மாற்றும் கவுண்டரில் பாஸ்போர்ட்டைத் திறந்து, சுற்றுலாப் பயணிக்கான முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்களிடம் இருக்காது. அந்த நேரத்தில் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். "எனக்குத் தெரிந்த கவுண்டர் இருக்கிறது" என்று சொன்னால் இன்னும் வேகமாக விலகுங்கள்.

ஜப்பான் போக்குவரத்து அமைச்சகத்தின் 2019 நிதியாண்டுக் கணக்குப்படி, ஒருவர் ஒரு கிலோமீட்டர் போக ரயிலில் 17 கிராம் கரியமில வாயு, விமானத்தில் 98 கிராம். கணக்கை அழகாகப் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கேயே வரி கட்டி வாழ்ந்து, ரயிலில்தான் போவேன் என்கிறவருக்கு முழுக் கட்டணம், சுற்றுலா வந்தவருக்குப் பாஸ். இதில் என்ன நியாயமோ. கப்பலும் எண்ணெய் எரித்துத்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

ஒசாகா கப்பலில் இடம் கிடைக்கவில்லையா? ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஃபுகுவோகா நகரின் ஹகாதா போக இரண்டரை மணி நேரம். அங்கிருந்தும் ஷிமோனோசெகியிலிருந்தும் பூசானுக்குக் கப்பல் போகிறது.

கடைசியாக, இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கொரிய விசா கட்டாயம். ஒசாகாவிலேயே கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது. கே-ஈடிஏ என்ற இணைய அனுமதி விசா தேவைப்படாத நாட்டவர்களுக்கானது. அதை உங்கள் ஏஜென்ட் விற்க வந்தால் அதையும் வாங்காதீர்கள். விசா கைக்கு வந்த பிறகு கப்பல் டிக்கெட் எடுங்கள்.